அத்தியாயம் 9: மூன்று புள்ளி

பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது.

பெயிண்டர் தன் சம்பந்திக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவு. மகள் கல்யாணம் முடிந்து, பந்தியும் முடிந்து, உறவெல்லாம் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மண்டபத்துக்காரன் பாக்கியைக் கேட்டு வாசலை மறித்து நின்றான். தருகிறேன் என்று சத்தியம் செய்திருந்த மைத்துனன் போனை அணைத்துவிட்டு மறைந்துபோயிருந்தான். அப்போது மாப்பிள்ளையின் அப்பா, மருந்துக்கடைக்காரர், சத்தம் காட்டாமல் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "அப்புறம் பார்த்துக்கலாம் சம்பந்தி" என்று தோளைத் தட்டினார்.

அந்த 'அப்புறம்' தான் பெயிண்டரைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த மாதம் என்று சொல்லியிருந்தால் அடுத்த மாதம் வரைக்குமாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அப்புறத்துக்கு ஏது தேதி? பல் தேய்க்கும்போதும் அப்புறம்தான், பெயிண்ட் டப்பாவைத் திறக்கும்போதும் அப்புறம்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு மகள் வீடு இருக்கும் திசையில் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மகள் போன் செய்தால், "சாரத்து மேல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார். வேலை இல்லாத நாளிலும் அவர் சாரத்து மேல்தான் இருந்தார்.

அப்படிப்பட்டவருக்குப் போன வாரம் சம்பந்தியே போன் செய்து, "சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வெளியில சாப்பிடுவோம். வியட்நாம் ஓட்டல். வந்துடுங்க, கொஞ்சம் பேச வேண்டியது இருக்கு" என்று சொன்னதும், அவர் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியதும் நமக்குத் தெரியும்.

பேச வேண்டியது. வேறென்ன பேச வேண்டியது இருக்கப்போகிறது?

சனிக்கிழமை வந்துவிட்டது.

"குச்சியில சாப்பிடணுமாமே" என்றாள் பெயிண்டரின் மனைவி, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"யார் சொன்னது?"

"கீழ் வீட்டம்மா. ரெண்டு குச்சியாம். உங்களுக்கு என்ன கவலை, ஆயுசு முழுக்க குச்சியால பெயிண்ட் கலக்கின கைதான."

"நீயும் வாயேன்."

"வேணாம். அந்தம்மா ஒண்ணு சொல்லும், நான் ஒண்ணு சொல்லுவேன். என் வாய்க்குப் பூட்டு கெடையாது. பொண்ணு குடித்தனத்துல நானே ஏன் மண்ணள்ளிப் போடணும்? நீங்க போய் நல்ல பிள்ளையா சாப்பிட்டுட்டு வாங்க."

இஸ்திரி போட்ட சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். அன்று மதியம் வரை அவருக்கு ஒரு அடுக்குமாடி வீட்டில் டச்சப் வேலை இருந்தது. முடித்துவிட்டு அங்கேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு, நேராக ஓட்டலுக்குப் போவதாக ஏற்பாடு.

படியிறங்கும்போது அவர் கண் தானாக மாடிப்படிக்குக் கீழே போனது. பழைய போர்வை மூடிக் கிடந்தது. அந்தப் போர்வைக்குள்தான் அவருடைய ஸ்ப்ரே மிஷின் எப்போதும் இருக்கும். அதை வாங்கிய பிறகுதான் மேஸ்திரிகள் அவரைப் பெயர் சொல்லாமல் 'மிஷின்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிரஷ் பிடிக்கிறவனுக்கு ஜன்னல் கம்பிதான் கிடைக்கும். மிஷின் வைத்திருப்பவனுக்கு ஹால் கிடைக்கும். திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹால் வேலை அந்த மிஷினை நம்பித்தான் வந்திருந்தது.

வியாழக்கிழமை அதை 'வெள்ளை'யிடம் விற்றுவிட்டார். வெள்ளை என்பது அவரோடு சுவர் தேய்த்த கூட்டாளி. தலையில் சுண்ணாம்பு இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர்.

போர்வைக்கடியில் இப்போது இருந்தவை இரண்டு காலி டப்பாக்கள். ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மிஷின் உயரத்துக்குச் சரிபார்த்து, அவரே மூடி வைத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. பணம் கல்யாணப் பத்திரிகை மிச்சத்தில் கிடந்த ஒரு கவருக்குள் சட்டைப்பையில் இருந்தது. நெஞ்சுக்கு நேராக, ஓடு மாதிரி விறைத்துக்கொண்டு.

அவர் போட்ட திட்டம் இதுதான். சம்பந்தி வாயைத் திறக்கும் முன்னால் கவரை மேஜைமேல் வைத்துவிட வேண்டும். கேட்ட பிறகு கொடுத்தால் கடன்காரன். கேட்கும் முன் கொடுத்தால் சம்பந்தி. மகள் முன்னால் அவர் எந்த ஆளாக உட்காரப்போகிறார் என்பது அந்தக் கவர் எப்போது வெளியே வருகிறது என்பதில் இருந்தது.

ஓட்டல் பெரிய சாலையில் இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் இது மட்டும் மூங்கில் தட்டி அடித்து, சிவப்பு விளக்கு தொங்கவிட்டு, குள்ளமாக உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் பட்டையும் அன்னாசிப்பூவும் சேர்ந்து கொதிக்கிற வாசனை தெருவுக்கு வந்தது. வாசனை மட்டும் தெரிந்த வாசனைதான். அதுவே அவருக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

கதவைத் தள்ளினார். உள்ளே நின்றிருந்த பரிமாறும் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தலைமுடியை இறுகக் கட்டி, கறுப்பு ஏப்ரன் போட்டிருந்தாள். அவள் பார்வை அவர் சட்டைமேல் நிற்கவில்லை. கையிலிருந்த பைக்குப் போனது. பைக்குள்ளிருந்து ரோலரின் தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் சிரித்த முகமாக ஏதோ சொன்னாள். அவர் பாஷை இல்லை. கையால் காட்டினாள். வெளியே, இடது பக்கம், சந்து.

அவர் தலையாட்டிவிட்டுச் சந்துக்குப் போனார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'நான் சாப்பிட வந்தவன்' என்று அவர் சைகையிலாவது காட்டியிருக்கலாம். காட்டவில்லை. முப்பது வருஷமாக யார் வீட்டுக்குப் போனாலும் முன்வாசலில் நின்றவருக்குப் பக்கவாட்டுச் சந்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். சந்து என்றதும் கால் தானாகத் திரும்பிவிட்டது. மூளை பின்னால்தான் வந்தது.

சந்தில் சமையலறையின் பின்கதவு திறந்திருந்தது. பெரிய அண்டாவில் எலும்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சமையல்காரர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஈரம் கோத்து உரிந்திருந்த ஒரு சுவரைக் காட்டினார். காலையிலிருந்து பெயிண்டருக்காகக் காத்திருந்தார்கள் போல. சமையல்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஏன் இவ்வளவு தாமதம் என்று அர்த்தம்.

நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? இஸ்திரி போட்ட சட்டையோடு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த நேரம் போன் அடித்தது. மகள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்மா. ஓட்டல்லதான்."

"ஓட்டல்ல எங்க? நான் வாசலையே பாத்துட்டு இருக்கேன்."

"இதோ வந்துட்டேன்."

சமையல்காரரிடம் கும்பிடு போட்டுவிட்டு, சந்து வழியாக வெளியே வந்து, மறுபடி முன்கதவைத் தள்ளினார். அதே பெண். கூடவே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்ட மகள். அந்தப் பெண் அவரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தின்னர் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் வெள்ளை இருந்தது.

"வாங்க வாங்க சம்பந்தி" என்று மருந்துக்கடைக்காரர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. வாய் ஓயாத மனிதர். ஆனால் மாத்திரை எண்ணுவது மாதிரி ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எடுத்துத்தான் போடுவார். "உக்காருங்க. நாங்கல்லாம் சொல்லிட்டோம். உங்களுக்கு மட்டும்தான் பாக்கி."

பாக்கி.

பெயிண்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பையைக் காலுக்கடியில் தள்ளினார்.

"என்னண்ணே, தின்னர் வாசனை வருது" என்றாள் சம்பந்தியம்மா. நல்ல மனசுக்காரி. நாக்குதான் முந்திக்கொள்ளும். "கல்யாணத்தன்னிக்குப் பாத்தது. அதுக்கப்புறம் ஆளையே காணோம். கடன் குடுத்தவங்க மாதிரி நாங்க உங்களைத் தேடிப் புடிக்க வேண்டியதா இருக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவருடைய காது மடல் சுட்டது.

"அம்மா, சும்மா இரு" என்றான் மாப்பிள்ளை.

"என்னடா, தமாஷுக்குச் சொன்னேன். அண்ணன் தப்பா எடுத்துக்க மாட்டார்."

மகள், "கை கழுவிட்டு வந்துடறேன்ப்பா" என்று எழுந்து உள்ளே போனாள். மாப்பிள்ளைக்கு ஒரு போன் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேஜை நடுவில் ஒரு தட்டு நிறையப் பச்சைத் தழை, முளைவிட்ட பயறு, எலுமிச்சைத் துண்டு. மருந்துக்கடைக்காரர் அதை ஆராய்ந்துகொண்டிருந்தார். "சமைக்க மறந்துட்டாங்களா, நாமதான் சமைச்சுக்கணுமா?" என்றார் தன் மனைவியிடம்.

பெயிண்டரின் கை சட்டைப்பைக்குப் போனது. இதுதான் சமயம். கவரின் ஓரத்தைப் பிடித்தார்.

அந்தப் பெண் பேனாவும் சின்னப் புத்தகமுமாக வந்து நின்றாள். மற்றவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்தாள். பேனாவைத் தூக்கி, அவர் முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கம் நீட்டினாள். ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"போ?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"போ?" என்றாள் மறுபடியும். இந்தத் தடவை புருவத்தையும் தூக்கி.

சந்துப் பக்கம் அனுப்பியபோது வராத வலி இப்போது வந்தது. அது வேற்றுப் பாஷை. இது அவருடைய பாஷை. எங்கே கற்றாளோ தெரியாது, அவருக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்றே அவருடைய சொல்லில் சொல்கிறாள். சம்பந்தி வாயே திறக்கவில்லை. சம்பந்தியம்மா தழையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். யாரும் 'ஏன் அவரைப் போகச் சொல்ற' என்று கேட்கவில்லை.

கவரைப் பைக்குள் திரும்பத் தள்ளினார். பையை எடுத்துக்கொண்டார். எழுந்தார். போனார்.

"மாமா, எங்க?" என்று மாப்பிள்ளை காதில் போனை வைத்துக்கொண்டே கேட்டது முதுகில் விழுந்தது. திரும்பவில்லை.

பஸ் நிறுத்தத்து இரும்பு இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தபோது மகள் ஓடி வந்தாள். செருப்பு ஒன்று வார் அறுந்து இழுத்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணும் இல்ல."

"அத்தை ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா."

"அப்புறம் ஏம்ப்பா வந்துட்டீங்க?"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "போகச் சொல்லிடுச்சேம்மா."

"யாரு?"

"அந்தப் பொண்ணு. வாசலைக் காட்டி, போன்னுச்சு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை."

மகள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். அவள் உதடு மடங்கியது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பயந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் நின்றது.

"அப்பா. அது சாப்பாட்டோட பேருப்பா."

"எது?"

"ஃபோ. அரிசி சேமியா போட்ட சூப்பு. உங்களுக்கு அது வேணுமான்னு கேட்டிருக்கா. உங்க பின்னாடி சுவத்துல பெருசா அந்தக் கிண்ணத்தோட படம் மாட்டியிருக்கு. அதைத்தான் காட்டியிருக்கா."

அவர் திரும்பி ஓட்டல் இருந்த பக்கம் பார்த்தார்.

மகள் இருக்கையின் தூசியில் விரலால் எழுதினாள். முதலில் மூன்று புள்ளி. பக்கத்தில் 'போ'. "இப்படி எழுதணும்ப்பா. முன்னாடி ஆய்தம் வரும்."

அவள் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போதுதான் அவரும் எழுத்துக் கூட்டினார். சாயங்காலம் அவள் சிலேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அவள் அடுத்த வகுப்புக்குப் போனாள். அவர் சாரத்துக்குப் போனார்.

"இந்த மூணு புள்ளி எதுக்குன்னு நான் அப்பவே உன்கிட்ட கேட்டேன்" என்றார்.

"நான் என்ன சொன்னேன்?"

"பரீட்சைக்கு வராதுப்பா, விட்டுருங்கன்ன."

இந்த முறை அவளால் சிரிக்க முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கூச்சம் என்பது பெயிண்ட் மாதிரி. முதல் கோட்டு காயும் முன் இரண்டாவது விழுந்தால் மொத்தமும் வழியும். போகச் சொன்னார்கள் என்ற கூச்சம் ஒரு பக்கம். யாருமே போகச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டோமே என்ற கூச்சம் அதன்மேல். உள்ளே நான்கு கிண்ணம் ஆறிக்கொண்டிருக்கும். மகளின் மாமனார் என்ன நினைப்பார்?

"பேச வேண்டியது இருக்குன்னார்ம்மா உங்க மாமனார்" என்று கவரை எடுத்து அவள் மடியில் வைத்தார். "அவர் கேக்கறதுக்கு முன்னாடி குடுத்துடலாம்னு கொண்டு வந்தேன். மண்டபத்துப் பாக்கி. நீயே அவர்கிட்ட குடுத்துடு. நான் இப்படியே பஸ் ஏறிடறேன்."

மகள் கவரைத் தொடவில்லை. பத்திரிகைக் கவரில் அவள் பெயரும் அவன் பெயரும் பொன் எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தன.

"அப்பா, அந்தக் கடன் இல்ல."

"இல்லன்னா?"

"நான் அடைச்சிட்டேன். மாசாமாசம் என் சம்பளத்துல. போன மாசத்தோட முடிஞ்சுது." அவள் ஒரு கூரியர் ஆபீசில் பில் போடும் வேலை பார்த்தாள். "மாமா மொதல்ல வாங்க மாட்டேன்னார். எங்கப்பா தலை நிமிரணும்னா வாங்கிக்கங்கன்னேன். வாங்கிக்கிட்டார். உங்ககிட்ட அதைச் சொல்லணும்னுதான் கூப்பிட்டார். பேச வேண்டியது அதுதான்."

பஸ் ஒன்று வந்து நின்று, கதவைத் திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது.

"நான் உனக்குச் செய்ய வேண்டியவன்" என்றார் மெதுவாக. "என்னை உன்கிட்ட வாங்கித் தின்னவனா ஆக்கிட்டியே பாப்பா."

"சொல்லலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் போன் பண்ணேன். சாரத்து மேல இருக்கேன், சாரத்து மேல இருக்கேன்னீங்க. எத்தனை சாரம்ப்பா இருக்கு இந்த ஊர்ல?"

நல்லவேளையாகப் போன் அடித்தது. நல்லவேளை என்று அவர் நினைத்தது எடுக்கும் வரைக்கும்தான். மனைவியின் குரல் பஸ் நிறுத்தம் முழுக்கக் கேட்டது.

"என்னங்க, விருந்து முடிஞ்சுதா? சரி அது கெடக்கட்டும். மிஷினைக் காணோம்ங்க. தொடப்பம் எடுக்கப் போனேன், போர்வை ஒரு பக்கமா சரிஞ்சு கெடந்துச்சு. தூக்கிப் பாத்தா ரெண்டு காலி டப்பா. மிஷினை எடுத்துட்டு, தெரியாம இருக்க டப்பாவை அடுக்கி வெச்சிட்டுப் போயிருக்கான். விவரமான திருடன்ங்க."

"ம்."

"என்ன ம்? எனக்கு மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் மேலதான் சந்தேகம். போன வாரம்தான் மிஷின் என்ன வெல இருக்கும்னு கேட்டான். இப்பவே போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"கேக்காத. நான் வந்து பேசிக்கிறேன்."

"நீங்க வர்ற வரைக்கும் அவன் அதைப் பூஜை பண்ணிட்டா இருப்பான்?"

போன் வைக்கப்பட்டது.

மகள் மடியிலிருந்த கவரைப் பார்த்தாள். அதன் கனத்தை முதல் தடவையாகத் தூக்கிப் பார்த்தாள்.

"வித்துட்டீங்களா?"

அவர் தூரத்தில் எதையோ பார்த்தார்.

"யாருக்கு?"

"வெள்ளைக்கு."

"திங்கக்கிழமை ஸ்கூல் ஹால் வேலைன்னு அம்மா சொன்னாங்களே?"

"பிரஷ் இருக்கு."

"ஹாலை பிரஷ்ஷாலயா? அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"எந்த வாயால சொல்றது?"

அடைந்துபோன கடனுக்கு மிஷினை விற்றாயிற்று. விற்ற மிஷினுக்கு ஊரான் ஒருத்தன் இப்போது திருடனாகப்போகிறான். மகள் கவரை எடுத்து அவருடைய சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினாள். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வாங்க உள்ள போலாம்."

"வேணாம்மா. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது?"

"இதே மூஞ்சிதான். அப்பா, இந்த ஓட்டலை யார் தேடிப் புடிச்சதுன்னு நினைச்சீங்க? நான்தான். எங்க வீட்டுக்குக் கூப்பிட்டா வர மாட்டீங்க. நம்ம வீட்டுக்கு அவங்க வந்தா அம்மா கடன் வாங்கியாவது ஏழு வகை வெப்பாங்க. அதான் ரெண்டு வீட்டுக்காரங்களுக்கும் எப்படிச் சாப்பிடறதுன்னே தெரியாத இடமா பாத்தேன். மாமா முழிக்கறதை நீங்க பாக்கணும். நீங்க சிந்தறதை அவர் பாக்கணும். அவ்வளவுதான்ப்பா நான் ஆசைப்பட்டது."

அவர் எழுந்தார். ஒற்றைச் செருப்போடு அவள் முன்னால் நடக்க, ரோலர் பையோடு அவர் பின்னால் நடந்தார்.

கதவை உள்ளிருந்து திறந்து பிடித்தது அந்தப் பெண்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். மாப்பிள்ளைக்கு அவள் பேசும் பாஷை கொஞ்சம் வரும். நடந்ததை அவளிடம் கேட்டு, அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்பதையும் அவளுக்குச் சொல்லியிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மேஜையில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார். தான் செய்த கோணலுக்குத் தானே சொல்வதுதான் முறை.

"அந்தப் பொண்ணு போன்னுச்சு" என்றார். "நான் போயிட்டேன்."

மருந்துக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, புரையேறி, கண்ணாடி நழுவித் தழைத்தட்டில் விழுந்தது.

"நீங்க எவ்வளவோ தேவலண்ணே" என்றாள் சம்பந்தியம்மா, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே. "நானும் கல்யாணமான நாள்லேருந்து இவரைக் கடைக்குப் போங்க போங்கன்னு கத்தறேன். ஒரு நாளாவது சொன்னதும் எந்திரிச்சிருக்காரா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் முன்னால சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. என் நாக்கு அப்படி."

அந்தப் பெண் பேனாவும் புத்தகமுமாக வந்தாள். அவர் பக்கத்தில் வந்ததும் தயங்கினாள். சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். மெனு அட்டையை அவர் முன்னால் விரித்து, கிண்ணத்தின் படத்தின்மேல் விரலை வைத்து, சும்மா நின்றாள். அவர் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்குக் கூசியது.

அவள் கூச்சத்தைப் பார்த்ததும் பெயிண்டருக்குத் தன்னுடையது கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. ஊரில் தனக்கு மட்டும் இல்லை.

"போ" என்றார் அவர்.

மூன்று புள்ளியும் வாயில் வரவில்லை. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. எழுதிக்கொண்டாள்.

கிண்ணம் வந்தது. முகம் பார்க்கலாம் போல அகலம். வெள்ளைச் சேமியா, மேலே கோழித் துண்டு, வெங்காயத்தாள். தழையைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னான். மருந்துக்கடைக்காரர் குச்சியைப் பிடித்த பிடியில் சேமியா வழுக்கி அவர் வெள்ளைச் சட்டையில் கோடு போட்டது. மகள் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். பார்த்தீர்களா என்று கேட்கிற பார்வை.

"எனக்குக் கலக்கத்தான் வருது" என்றார் பெயிண்டர், இரண்டு குச்சியையும் கிண்ணத்துக்குள் சுற்றிக்கொண்டே. "எடுக்க வரல."

"அப்ப நீங்க எல்லாருக்கும் கலக்கிக் குடுங்க. எடுக்கறதுக்கு நான் கரண்டி வாங்கித் தர்றேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

சூடான சாறு தொண்டையில் இறங்கியது. பாதிக் கிண்ணம் காலியானதும் அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்தார். சம்பந்தியின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மாப்பிள்ளை குச்சியைக் கீழே வைத்தான்.

மருந்துக்கடைக்காரர் கவரைப் பிரிக்கவில்லை. உள்ளே என்ன என்று கேட்கவும் இல்லை. "அன்னிக்கு அப்புறம்னு சொன்னேன் பாருங்க" என்றார். "அந்தச் சொல்லை யோசிக்காம சொல்லிட்டேன். மருந்துக்காரன், வேளை சொல்லிக் குடுத்திருக்கணும். என் கணக்கு போன மாசமே தீர்ந்து போச்சு சம்பந்தி. இது இவளுக்குச் சேர வேண்டியது."

கவரை இரண்டு விரலால் மருமகள் பக்கம் தள்ளினார்.

பெயிண்டர் மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்பதுதான் அவர் பயம். இவர்கள் எல்லார் முன்னாலும் 'நீங்களே வெச்சுக்கங்கப்பா' என்று ஒரு வார்த்தை அவள் சொல்லிவிட்டால், அப்புறம் அவர் எந்தக் காலத்திலும் அந்த வீட்டுப் படி ஏற முடியாது.

அந்தக் கவருக்குள் இருப்பது ஒரு ஸ்ப்ரே மிஷின் என்பது அந்த மேஜையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் கை கவர்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்தாள். தன் கைப்பையைத் திறந்து உள்ளே வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தீர்ந்துச்சுப்பா" என்றாள்.

அவர் தலையாட்டினார். கவர் இருந்த இடம் காலியாகி, சட்டைப்பை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பைக்குள் இப்போது போன் மட்டும்தான் இருந்தது. வீட்டிலிருந்து மறுபடியும் மறுபடியும் அடித்து, அவர் நெஞ்சுமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது.